ஓடுபாதையில் நீ நின்ற காலை

மச்சான்,

போன கிழமை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பழைய மேசையைக் கழற்றினார்கள். இனி எங்களுக்கு எல்லாமே திரையில்தான். கழற்றிய பலகைக்குப் பின்னால் தூசியோடு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. அரைச்சாண் நீளம், ஒரு முனை உடைந்திருந்தது. குப்பைப் பையில் போகவிருந்ததை நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க உன் ஞாபகமாகவே இருந்தது.

நீ ஒருநாளும் அந்த மேசையை ஒழுங்காகப் பார்த்ததில்லை. மேலே வந்தால் கோப்பி குடிப்பாய், என் கதிரையில் இருந்து சுற்றுவாய், போய்விடுவாய். பனி வழிக்கும் உன் வண்டியைவிட்டால் உனக்கு உலகமில்லை. ஆகவே இப்போதாவது கேள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதத் துண்டு எழுதி அந்தப் பலகையில் அடுக்குவோம். உன் வண்டி ஓடுபாதையில் இறங்கினால் அடுக்கின் நடுவே சிவப்புத் துண்டை வைப்போம். அது இருக்கும்வரை ஒரு விமானமும் இறங்க முடியாது. நீ வெளியேறிவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் அதை எடுக்கலாம்.

மேசை போகிற நேரத்தில் கோபுரத்தின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிற விசர் எனக்கு உண்டு என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாகப் பழைய பதிவேடுகளோடு கிடக்கிறேன். தொடக்கத்தில் இங்கே ஒரு மரக்குடிலும், பச்சையும் சிவப்புமாக ஒளி காட்டும் விளக்கோடு ஒரு மனிதரும் மட்டும்தான். பிறகு ரேடியோ வந்தது. பிறகு கண்ணாடிக் கோபுரம், அதன்பின் ராடார். நடுநடுவே புதிய விதிகள். ஓடுபாதைக்குள் காட்டுமான் புகுந்ததால் வேலி வந்தது; விளக்கை அணைக்க மறந்ததால் இரட்டைச் சரிபார்ப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் யாரோ ஒருவர் பிழை விட்டிருக்கிறார். அவர் யார் என்று ஒரு பதிவேட்டிலும் இல்லை. 'பணியிலிருந்தவர்' என்று மட்டும் இருக்கும்.

அப்படியே புரட்டிக்கொண்டு வரும்போது என் கையெழுத்தே வந்து நின்றது. ஒரு விமானம் இறங்காமல் மீண்டும் சுற்றி வந்ததைக் குறித்திருந்தேன். காரணம் என்ற இடத்தில் 'பனி' என்று எழுதியிருந்தேன். அது பொய் என்று அன்றைக்குத் தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தான்.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு கிழமை இருந்தது. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்டோவ்னரில் மொழி வகுப்பில் அடுத்தடுத்த கதிரையில் இருந்த இரண்டு பேருக்கும் ஒரே விமான நிலையத்தில் வேலை கிடைத்ததை நம் சனம் அதிசயமாகப் பேசியது. நீ ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து உன் பழைய காரில் வெஸ்ட்லிக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வாய். யாழ்ப்பாணத்தார் சோதினை பாஸ் பண்ணத்தான் பிறந்தவர்கள் என்று வழி முழுக்க நக்கலடிப்பாய். நான் பதிலுக்கு உன் திருகோணமலையை இழுப்பேன். அந்த ஒரு மணி நேர ஓட்டம்தான் எனக்கு நாளின் நல்ல பகுதி.

கெட்டதும் அந்த நெருக்கத்தால்தான் வந்தது. மற்றச் சாரதிகளோடு ரேடியோவில் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்பேன். உன்னிடம் அப்படிக் கேட்கக் கூச்சம். நண்பனை நம்பாததுபோல இருக்கும். அன்று காலை பனி கொட்டியது, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஓடுபாதையை விட்டு வெளியேறச் சொன்னேன். நீ 'ஓம் மச்சான்' என்றாய். இந்தப் பக்கத்தை வழித்து முடித்ததும் வெளியேறுகிறேன் என்று நீ நினைத்தாய். வெளியேறிவிட்டாய் என்று நான் நினைத்தேன். சிவப்புத் துண்டை எடுத்துவிட்டு, வந்துகொண்டிருந்த சின்ன விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்தேன்.

பனி ஒரு கணம் விலகியது. ஓடுபாதையின் நடுவில் உன் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. விமானத்தை மேலே எழும்பச் சொன்னேன். அது உன் தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. உன்னை நானே கொல்லப் பார்த்தேன். அதற்குப் பிறகும் பேனையை எடுத்துப் 'பனி' என்றுதான் எழுதினேன்.

வேலை முடிந்து காரில் ஏறியதும் நீ இயந்திரத்தை முடுக்கவில்லை.

"நான் நடந்ததை எழுதிக் குடுக்கப்போறன்," என்றாய்.

"ஒருத்தரும் காணேல்லை. ஆறு கிழமைதான் இருக்கு. விடு," என்றேன்.

"நீ செய்ததை நான் எழுதமாட்டன். நான் செய்ததைத்தான் எழுதுவன். நாளைக்கு அந்த வண்டியிலை வேறை ஒருத்தன் இருப்பான்."

என் அப்பாவின் கதை உனக்குத் தெரியும். ஊரில் யாரோ படிவம் நிரப்பச் சொல்ல, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடுதான் வந்து அவரைக் கொண்டுபோனார்கள். பதினொரு மாதம் கழித்துத் திரும்பிய மனிதர் சாகும்வரை ஒரு தாளிலும் முழுப்பெயர் எழுதவில்லை. அவருடைய மகன் தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுப்பதா? கோபத்தில் உன்னைத் துரோகி என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் ரி-பானா ரயிலும் பேருந்துமாகத் தனியே வேலைக்குப் போனேன். ஐந்தாம் நாள், நீ எழுதியதில் என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று அறிந்தேன். பிழை முழுவதையும் உன் தலையில் போட்டிருந்தாய். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பதிவேட்டில் நான் எழுதியது பொய் என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

இருவரையும் மேலாளர் கூப்பிட்டார். நான் வேலை போய்விட்டது என்ற முடிவோடுதான் போனேன். பதிவேட்டில் பொய் எழுதியதற்கு என்னை நேரே பார்த்து இரண்டு வசனம் பேசினார், அது இன்றும் சுடுகிறது. பிறகு கோப்பி ஊற்றித் தந்து, உங்கள் இடத்தில் வேறு இருவர் இருந்திருந்தாலும் இது நடந்திருக்குமா என்று கேட்டார். நடந்திருக்கும் என்று நீதான் சொன்னாய். அந்த மாதமே புது விதி வந்தது. சாரதி ஓடுபாதையைவிட்டு எந்த வாசலால் வெளியேறி நிற்கிறார் என்று சொல்லவேண்டும், கோபுரம் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், இரண்டும் முடிந்த பிறகுதான் ஓடுபாதை திறக்கும். ஆறு கிழமை கழித்து என் வேலையும் நிரந்தரமானது. துரோகி என்ற சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டபோது, "பெற்றோலுக்குப் பாதி தா, சரி," என்று சிரித்தாய்.

நோய் உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. அந்த விதி இன்னும் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்திலும் உன் இடத்துக்கு வந்தவர் வாசலின் பெயரைச் சொல்கிறார், நான் திருப்பிச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

புத்தகத்தில் அந்த விதியைப் பற்றி எழுத வந்தபோது என் கையும் 'பணியிலிருந்தவர்' என்றுதான் எழுதியது. பிறகு வெட்டிவிட்டேன். உன் பெயரைப் போடலாமா என்று உன் மனைவியிடம் கேட்கப் போனேன். பிழை விட்டவர்களின் பெயராகத்தான் அச்சில் வரும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"போடுங்கோ அண்ணா. அவர் எங்கையும் ஒளிச்சவர் இல்லை."

நேற்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெயர் முதலில். அதற்குப் பக்கத்தில் என் பெயர், அப்பாவின் பெயரும் சேர்ந்த முழுப்பெயர்.