வெறுங்காலுக்குத் தெரிந்த பிரேக்

கார்க் கதவைத் திறந்தால் புது ரப்பர் மணக்கிறது. உங்கள் அத்தர் வாசம், நீங்கள் இறந்து நான் இத்தாவில் வீட்டோடு இருந்த மாதங்களிலேயே போய்விட்டது. அந்த இடத்துக்கு இப்போது இது வந்திருக்கிறது. பிரேக்குக்கும் கிளச்சுக்கும் நேற்றுப் புது ரப்பர் போட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பாசம் மட்டும் காரணமல்ல, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

போன வாரம் நல்ல மழை. மகள் கந்தோரில் வேலை முடிந்து வரும் வழியில், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். கல்முனைச் சந்தைக்குக் கிட்ட முன்னால் போன சைக்கிள் சட்டென்று நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள். ஈரச் செருப்பு வழுக்கிக் கால் பக்கத்தில் போய்விட்டது. மறுபடி மிதிப்பதற்குள் சைக்கிளின் பின் சில்லில் கார் முட்டி அந்த மனிதர் விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், முழங்கையில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. அவர் எழும்பித் தன் கீரைக் கட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நம் மகள்தான் மழையில் நின்று அழுதாள்.

உங்கள் தம்பிக்குச் சேதி போக எவ்வளவு நேரம் வேண்டும்? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. "பொம்புளப் புள்ளட கையில காரக் குடுத்தா இப்பிடித்தான் மச்சி. வித்துப்போடுவம்" என்றார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. மகள் முந்திக்கொண்டாள்.

"சாச்சா சொல்றது சரி. எனக்கு ஏலாது உம்மா."

சாவியை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கார் போனால் போகட்டும். ஆனால் இவள் ஒன்றைக் கீழே வைத்தால் திரும்ப எடுக்கமாட்டாள், உங்கள் இரத்தம். அக்கரைப்பற்றுக் கந்தோருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள். வாழ்நாள் முழுக்க, தான் ஒருவரை இடித்துப்போட்டவள் என்றே நினைத்திருப்பாள்.

விற்பதென்றாலும் நசுங்கிய பம்பரை நிமிர்த்த வேண்டும் என்று சாட்டுச் சொல்லி அவளையும் கராஜுக்குக் கூட்டிப்போனேன். நடந்ததைக் கேட்ட கராஜ்காரர் பம்பரை விட்டுவிட்டு, டோர்ச்சோடு பெடலுக்குக் கிட்டக் குனிந்தார். பெருவிரலால் ரப்பரை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

"டீச்சர், இதப் பாருங்க. வரியெல்லாம் தேஞ்சி மொழுக்கெண்டு இரிக்கி. இந்தப் பக்கம் இரும்பே தெரியுது. ஈரச் செருப்பு இதுல நிக்காது. புள்ளையில பிழையில்ல."

"அப்ப வாப்பா எப்பிடி ஓட்டின?" என்று மகள் கேட்டாள்.

எனக்கு அது தெரியும். ஜும்ஆத் தொழுகைக்குப் புதுச் செருப்போடு போய், யாருடையதோ தேய்ந்த சோடியைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அடுத்த புதுச் செருப்பும் பள்ளிவாசலில் போனது. அதன் பிறகு வீட்டிலேயே கைகால் கழுவி வுழுச் செய்து, செருப்பில்லாமல் ஈரக் காலோடு காரில் ஏறி, பள்ளி வாசலிலேயே இறங்கப் பழகினீர்கள். "காருக்குள்ள செருப்புக் கள்ளன் வரமாட்டான்தானே" என்று சிரிப்பு வேறு. வெள்ளிக்கிழமைப் பழக்கம் மற்ற நாட்களுக்கும் வந்தது. ஈரமும் மணலுமாக மிதித்து மிதித்து ரப்பர் கரைந்தது. நான் ஒருமுறை சொன்னேன். "என்ட காலுக்குத் தெரியும், நீங்க பயப்படாதீங்க" என்றீர்கள்.

தெரிந்துதான் இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்ததும், ரப்பர் மிஞ்சியிருந்த ஓரத்துக்குக் காலை நகர்த்திக்கொண்டீர்கள். நெஞ்சு இறுகியபோதும் அப்படித்தான். தலையணையை இன்னும் ஒன்று உயர்த்திக்கொண்டு, கேட்டால் "வாய்வு" என்றீர்கள். பழுதுக்கு ஏற்றமாதிரி உங்களை வளைத்துக்கொள்ள உங்களுக்கு நன்றாக வந்தது. ஆனால் உங்கள் காலுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. அது உங்களோடு மையவாடி மண்ணுக்குள் போய்விட்டது.

பிரேக் ரப்பரை கராஜ்காரர் மாற்றினார். கிளச்சை மகளிடம் விட்டார். அவள் இரும்புத் தகட்டைத் துடைத்து, ரப்பரின் விளிம்பை அதில் மாட்டப் பார்த்தாள்.

"ஏறுதில்ல நானா" என்று அவரைக் கூப்பிட்டாள்.

"மேல கொளுவிட்டுக் கீழ இழுங்க."

இழுத்தாள், உட்கார்ந்துகொண்டது. பிறகு செருப்புக் காலை பிரேக்கில் வைத்து மிதித்தாள், திரும்பத் திரும்ப மிதித்தாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். வீட்டுக்கு அவளே ஓட்டிவந்தாள்.

பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். எனக்கு மட்டும் பழகிப்போன பழுதுகளை எல்லாம் காட்டினேன்: கொஞ்சம் கூடுதலாகத் திருகினால்தான் மூடும் காஸ் அடுப்பின் திருகி, ஈரக் கை பட்டால் கரண்ட் அடிக்கிற கிணற்று மோட்டர் சுவிட்ச். காட்டி முடிந்ததும் இன்னொன்றையும் சொன்னேன். என் வலது காது கேட்பதில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பிக் கன நாளாகச் சமாளிக்கிறேன்.

"தெரியும் உம்மா. அதாலதான் நான் கார்ல கத்திக் கதைக்கிற."

"தெரிஞ்சா ஏன் கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லட்டும் எண்டு பாத்துட்டு இருந்த." மோட்டர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாப்பாட நெஞ்சு வருத்தத்துக்கும் அப்பிடித்தான் இருந்த. இனி இருக்கமாட்டன். நாளைக்கே டொக்டரிட்டப் போறம், நான் ஓட்டுற."

உங்கள் மேல் உள்ள கோபத்தோடு, உங்கள் நெஞ்சு வருத்தம் தெரிந்திருந்தும் அவள் கேட்காமல் இருந்ததையும் இப்போது சேர்த்து வைத்திருக்கிறேன்.