கோழியின் நாக்கும் பாத்திமாவின் வாயும்

11.6.2012, திங்கள்

பழனியின் கறிக்கடையில் ஏழு கோழித்தலைகள் கிடைத்தன. "சாரு தலைய மட்டும் வாங்கிக்கினு போவாரு, கறிய கண்ணால கூட பாக்க மாட்டாரு" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தான். பொறுத்துக்கொண்டேன். வேறு எவன் சும்மா தருவான்? நாக்குகளைப் பிரித்துக் கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலினில் போட்டாயிற்று. நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டம், அதுவும் பறவைகளின் எச்சில் சுரப்பியில். சக ஆசிரியர்களே சிரிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால், என் மனைவி பாத்திமா காலை இட்லியை அப்படியே மூடி வைத்திருந்தாள். வாய்ப் புற்றுக்குப் பாண்டிச்சேரியில் கதிர் சிகிச்சை முடிந்து நான்கு மாதமாகிறது. கட்டி போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகும் ஏன் இளைக்கிறாள்? நாற்பத்திரண்டு கிலோ. வாய் காய்கிறது என்கிறாள். தண்ணீர் குடி என்கிறேன்.

14.6.2012

கோழி நாக்கின் சீவல்கள் நன்றாக வந்திருக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் சுரப்பி செல்கள் நுரை நுரையாக, சாயம் ஏறி ரோஜா நிறத்தில் நின்றன. தானியம் தின்னும் பறவைக்கு வாயெல்லாம் சுரப்பி. உலர்ந்த இரையை நனைத்து இறக்க வேண்டுமே. மீன் விழுங்கும் நீர்க்காகத்துக்கு எச்சில் சுரப்பி இல்லாத குறைதான். அதன் இரை ஈரத்தோடு வருகிறது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

17.6.2012, ஞாயிறு

மலைக்கோழிக்காகக் கரியாலூர் போனேன். காற்றோட்டமாக இருக்கும் என்று பாத்திமாவும் வந்தாள். எனக்குக் கோழி பிடித்துத் தரும் வேடியப்பன் வீட்டில் சாமைச் சோறும் துவையலும் வைத்தார்கள். பாத்திமா ஒரு வாய் எடுத்தாள், வெகுநேரம் மென்றாள், எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டாள். வேடியப்பனின் மனைவி ஆண்டாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் கத்திவிட்டேன். மரியாதைக்காவது ரெண்டு வாய் தின்னக்கூடாதா, உயிரோடு இருக்கணும்னு எண்ணமே இல்லியா உனக்கு — என்னவெல்லாமோ. பஸ் கச்சிராயபாளையம் வந்துவிட்டது. அவள் மெதுவாகச் சொன்னாள்:

"ஆறு வருசமா எச்சிலு எச்சிலுன்னு எழுதிக்கினு இருக்கீங்க. என் வாய்ல அது இல்லியேன்னு ஒரு நாளு நெனச்சீங்களா? சோறு மண்ணாட்டம் கெடக்குதுங்க."

18.6.2012

மடையன். வேறென்ன எழுத? கதிர் பட்டால் சுரப்பி கருகும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

23.6.2012

ஐந்து நாளாகச் சமையல் என் கையில். சோற்றைக் குழைய வேகவைத்து, மிளகாய் போடாத ரசத்தில் மூழ்கடிக்கிறேன். இட்லியைச் சாம்பாரில் கரைக்கிறேன். "நீர்க்காகத்துக்குச் சமைக்கிறேன்" என்றேன்.

"அது பச்ச மீனு துன்னும். நான் உங்க சமையல துன்றேன். யாருங்க பாவம்?"

ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள்.

9.9.2012

சுரப்பியின் சளியைக் காட்டும் அந்த ரோஜா சாயம், செல்லில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்திலும் ஏறித் தொலைக்கும். அதைக் கரைத்துக் கழிக்க ஒரு நொதி வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் கிடையாது. பழைய வழக்கப்படி, சாயம் ஏற்றுவதற்கு முன் சீவலில் எச்சிலைத் துப்பி அரைமணி விடுவேன். எச்சில் கிளைகோஜனைக் கரைத்துவிடும். சளி மட்டும் நிற்கும். இதைக் கேட்டதும் பாத்திமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துப்புறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

சிரித்து ஓய்ந்தபின் கேட்டாள்: "என்னோடத போட்டுப் பாக்கலாமாங்க?"

கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டு கால்மணி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு தேறியது. கிளைகோஜன் நிறைந்த கோழிக் கல்லீரல் சீவலில் வைத்தேன். பிறகு சாயம் ஏற்றிப் பார்த்தால் — துப்பாத சீவலும் இதுவும் ஒரே சிவப்பு. எதுவும் கரையவில்லை.

பொய் சொல்ல நா எழுந்தது. அவளிடம் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"இல்லன்னா இல்ல. ரசத்த ஊத்துங்க" என்றாள். சாப்பிட்டு முடித்தபின் கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் நின்றாள். நான் பாத்திரங்களைத் துலக்கினேன்.

4.3.2013

நாற்பத்தொன்பது கிலோ! பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிவிட்டாள். பையில் இரண்டு தண்ணீர் பாட்டில்.

1.12.2013, ஞாயிறு

ஆய்வேடு தட்டச்சாகி வந்துவிட்டது, இருநூற்றுப் பதினான்கு பக்கம். எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற திமிரோடு பாத்திமா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு பிழை பார்க்க உட்கார்ந்தாள். நான் எதிரே டீயோடு.

தாள்கள் புதுசு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் நான்கு வரி படித்தாள். மறுபடியும் விரல் நாக்குக்குப் போயிற்று, பக்கம் புரண்டது. அவளுக்குத் தெரியவே இல்லை. எனக்குக் கண் கலங்கி, டீ கையில் ஆறியது.

"இன்னாங்க அப்படிப் பாக்குறீங்க? தப்பு ஜாஸ்தியா இருக்குதுன்னா?"

"ஒண்ணுமில்ல. நீ திருப்பு."

உலை பார்க்க அவள் உள்ளே போனதும், அறுபத்தோராம் பக்கத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.