உன் மகளின் தலைக்குப் பின்னால் ஒரு குழாய்

மருமகளாக வந்து, எனக்கு மகளாகவே இருந்துவிட்டுப் போன மல்லிகாவுக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி சொல்லிவிடுகிறேன். உன் மகன் சரவணன் பேங்க் பரீட்சை பாஸ் பண்ணி தஞ்சாவூரில் வேலையில் சேர்ந்துவிட்டான். தினமும் ரயிலில் போய் வருகிறான். உன் நாத்தனார் மகள் தீபா நர்சிங் முடித்துவிட்டாள். அவள் ஊசி போட்டால் வலிப்பதில்லை என்று நோயாளிகள் அவளையே கேட்கிறார்களாம். உன் மூத்தவள் கயல் இன்ஜினியர். கோயம்புத்தூரில் கார் பாகங்களுக்குப் படம் வரைகிற கம்பெனியில் இருக்கிறாள். அதோடு நிற்கவில்லை, பந்தயப் பாதையில் கார் ஓட்டுகிறாள். ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து ஓட்டி ஒரு கோப்பையும் வாங்கியிருக்கிறாள். டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்கூடப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

நம் மகளிர் சங்கத்து ஆண்டு மலரில் உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுதுவதைவிட உனக்கே எழுதலாம் என்று தோன்றியது. என் ஐந்தாம் வகுப்பு எழுத்தைச் சரவணன் திருத்திக் கொடுத்தான். உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அது அந்தக் காரைப் பற்றியது.

கயலும் அவள் தோழி ரேவதியும் சேர்ந்து, அடிபட்டுக் கிடந்த ஒரு பழைய காரை வாங்கினார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காருகிற வண்டி, மேலே கூரை கிடையாது. "கூரை இல்லாத வண்டிய எதுக்குடி வாங்கின? மழை பெஞ்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். அவள் சமையலறைக்குப் போய், நான் முறுக்கு போட்டு வைத்திருந்த தகர டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"அப்பாயி, மூடியோட இதை ரெண்டு கையால முறுக்கிப் பாரு."

முறுக்கினேன். அசையவில்லை.

"இப்ப மூடிய எடுத்துட்டு முறுக்கு."

டப்பா 'கொடக்'கென்று கோணியது. முறுக்கெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விட்டது.

"கூரை இல்லாத காரும் இப்படித்தான். வேகமா வளைவுல போனா உடம்பே முறுக்கிக்கும். நான் ஸ்டியரிங்கத் திருப்புவேன், சக்கரம் யோசிச்சு யோசிச்சு வரும்."

"உங்கப்பன் மாதிரின்னு சொல்லு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் புருஷன் சேகரும் சிரித்தான். அடியில் இரும்புச் சட்டம் வைத்து இறுக்கிவிட்டால் முறுக்காது என்று அவள் சொன்னாள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தான். "சீட்டுக்குப் பின்னாடி தலைக்கு மேல வர்ற மாதிரி ஒரு குழாய வளைச்சு வெல்டிங் பண்றோம்ப்பா. அது முறுக்காம இருக்கிறதுக்கு இல்ல, வண்டி கவுந்தா தலை தரையில படாம இருக்கிறதுக்கு" என்று அவள் சொன்னதும் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான்.

நீ போனதிலிருந்து அவன் அப்படித்தான். வெறும் காய்ச்சல் என்று நீ படுத்தாய், பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போது வீட்டில் யாராவது இரண்டு தடவை தும்மினால் ஆட்டோவைக் கூப்பிடுகிறான். மகள் வாயாலேயே கவிழ்வதைப் பற்றிக் கேட்டால் எப்படித் தாங்குவான்?

கோயம்புத்தூருக்கு அவனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். "ஒரு தடவை கண்ணால பாருடா. பாத்துட்டு அப்புறம் திட்டு" என்றேன். பந்தயத்துக்கு முந்தின நாள், போத்தனூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் வண்டி நின்றது. கயல் ஹெல்மெட் போட்டு உள்ளே உட்கார்ந்தாள். ரேவதி நீளமான கம்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பின்னாலிருக்கும் குழாய் வளைவின் மேலும் மறுமுனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலும் வைத்தாள். வண்டி தலைகீழானால் அந்த இரண்டு இடமும்தான் தரையில் ஊன்றி நிற்குமாம். தலை அந்தக் கம்புக்குக் கீழே இருந்தால்தான் தப்பிக்கும்.

உன் மகளுக்கு உன் உயரம். நீ நம் வீட்டு நிலையில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்த நாள் உண்டா? அவளுக்காகவே சீட்டைக் கழற்றி, தரையோடு தரையாக இறக்கிப் போட்டிருந்தார்கள். கம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் என் கையை விட்டுப் பார்த்தேன். தாராளமாக நுழைந்தது.

 சேகர் குழாயைத் தட்டிப் பார்த்தான், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான். அவன் மனது இளகியது எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் சாப்பாடு வாங்கப் போன நேரத்தில் பையிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்தான். பள்ளிகொண்ட பெருமாள். ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் கடையில் வாங்கி, கோயிலுக்குள் கொண்டுபோய்க் கும்பிட்டு எடுத்து வந்திருக்கிறான். நம் ஊரில் வண்டி எடுத்தால் யார்தான் செய்யாமல் இருக்கிறார்கள்? முன்பக்கம் வைக்கலாமென்றால், எடை குறைக்க வேண்டுமென்று டாஷ்போர்டுப் பலகையையே கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"தலைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்மா. எது வந்தாலும் அவர் தாங்கிக்குவாரு" என்றான்.

வீடுகளுக்கு வயரிங் பண்ணுகிறவன் கைக்கு டிரில்லிங் மெஷின் புதுசா? ஷெட்டில் இருந்ததை எடுத்தான். குழாய் வளைவின் நட்டநடு உச்சியில் இரண்டு ஓட்டை போட்டு, ஸ்க்ரூ வைத்துப் பெருமாளை முறுக்கினான். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அவன் வண்டிமேல் தார்ப்பாயை இழுத்து மூடினான். விடிவதற்குள் அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனதில் பிள்ளைகள் கண்ணில் அது படவில்லை.

மறுநாள் காலையில், வண்டிகளைப் பாதைக்குள் விடுவதற்கு முன்னால் ஒருவர் டார்ச் லைட்டோடு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தார். நம் வண்டியில் குழாயைத் தடவிக்கொண்டே வந்த கை நின்றது.

"இதுல யாருங்க ஓட்டை போட்டது?"

"நான்தாங்க" என்று சேகர் முன்னால் போனான். "அது சாமிங்க."

"சாமிய நான் ஒண்ணும் சொல்லலைங்க. ஓட்டையத்தான் சொல்றேன். வண்டி கவுந்தா முழு பாரமும் இந்தக் குழாய்லதான் இறங்கும். ஓட்டை எங்க இருக்கோ அங்கதான் மொதல்ல மடங்கும். அதுக்கு நேர் கீழ உங்க பொண்ணு தலை இருக்கு. இந்த வண்டிய உள்ள விட முடியாதுங்க."

கயல் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றாள். அவ்வளவுதான். மற்ற வண்டிகள் ஓடுவதை நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

ஊர் திரும்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும்வரை சேகர் புலம்பிக்கொண்டே வந்தான். "பெருமாளையே வேணாம்னுட்டானேம்மா." சோதித்தவர் வேண்டாம் என்றது பெருமாளை இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? ஆனால் அடுத்த வாரமே எங்களிடம் சொல்லாமல் தனியாகக் கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறான். அந்த ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டானாம். "அடைக்கலாங்க, வெளிய தெரியாது. ஆனா குழாய்க்குத் தெரியுமே" என்றாராம் அவர். பழைய வளைவை அறுத்து எடுத்துவிட்டு, ஒட்டில்லாத கனமான குழாயில் புதிதாகச் செய்தார்கள். அதை வெல்டிங் வைத்து முடிக்கும்வரை சேகர் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான் என்று கயல் போனில் சொன்னாள். பெருமாள் இப்போது நம் வீட்டு பூஜை அலமாரியில் இருக்கிறார்.

அந்தக் குழாயோடு ஓட்டித்தான் கோப்பை வாங்கினாள். அதற்கடுத்த ஓட்டத்தில் வண்டி கவிழ்ந்தது.

பயப்படாதே, மேலே படி. ஒரு வளைவில் வண்டி பாதையை விட்டு வழுக்கி மணலில் இறங்கியிருக்கிறது. சக்கரம் மணலுக்குள் புதைய, வண்டி பக்கவாட்டில் புரண்டு தலைகீழாகப் போய் நின்றது. சேகர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனை உள்ளே விடவில்லை. ஆட்கள் ஓடிப்போய் வண்டியைத் தூக்கும்வரை உன் மகள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு கீறல் இல்லை. பெல்ட் அழுத்தி ஒரு பக்கத் தோள் எலும்பில் லேசான விரிசல், அவ்வளவுதான். குழாய் கொஞ்சம் சாய்ந்ததே தவிர, மடங்கவில்லை. பழைய குழாயாக இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சேகர் மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வண்டியை அளந்து பார்த்ததில் அதன் உடம்பே கோணிவிட்டதாம். இனி அது பாதைக்கு ஆகாது. கயல் கையைத் துணியால் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தாள். வந்த மறுநாளே அடுத்த வண்டியைப் பற்றிப் பேசினாள். இந்தத் தடவை கூரை உள்ள வண்டி, உள்ளே முழுக்க இரும்புக் குழாய்க் கூண்டு. சேகர் எழுந்து என்னிடம் வந்தான்.

"நீ சொன்னா கேப்பாம்மா. வேணாம்னு சொல்லு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா, நீங்க ஹெல்மெட்ட பைக் கண்ணாடியில மாட்டிக்கிட்டுத்தானே காவேரிப் பாலத்துல போறீங்கன்னு கேக்குறா."

"கேக்குறதுல என்னடா தப்பு?"

அவன் முகம் மாறிவிட்டது. "மல்லிகா இருந்திருந்தா இதை நிறுத்தியிருப்பாம்மா" என்றான்.

உள்ளே படுத்திருந்த கயல் எழுந்து வந்தாள். கண்ணில் தண்ணீர். ஆனால் குரல் உடையவில்லை. "உங்களுக்குப் பயமா இருந்தா, பயமா இருக்குன்னு சொல்லுங்கப்பா. அம்மா பேரச் சொல்லாதீங்க. அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

 குக்கர் விசில் அடித்தது. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். சேகர் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அப்புறம், "பயமாத்தான் இருக்கு" என்றான். "அன்னிக்கு வண்டி கவுந்தப்ப என் காலு நகரவே இல்ல பாப்பா." அவளைப் பாப்பா என்று கூப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது. அவள் நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இதைத்தான் உன்னிடம் கேட்க நினைத்தேன் மல்லிகா. நீ நிறுத்தியிருப்பாயா? ஒரே அடுப்படியில் உன்னோடு அத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. நீ பயந்தவள்தான். இடி இடித்தால் பிள்ளைகளின் காதைப் பொத்துவாய். ஆனால் கயலைக் காலேஜுக்கு வெளியூர் அனுப்ப இந்த வீடே வேண்டாம் என்றபோது, பெட்டியை அடுக்கியவளும் நீதான். எந்த மல்லிகாவிடம் நான் பதில் கேட்பது?

வேண்டாம் என்று கயலிடம் நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அதை அவளும் அவள் அப்பாவும் பேசிக்கொள்கிறார்கள். நேற்று இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்துப்போட்டு, கூண்டின் கால்கள் வண்டியின் அடித்தளத்தில் எங்கெங்கே ஊன்ற வேண்டும் என்று சண்டை போட்டார்கள். சாம்பார் ஆறிப்போயிற்று.

கயல், இந்த மலரை நீயும் படிப்பாய். நீ கடைசியாக அனுப்பிய போட்டோவில் வண்டி தலைகீழாகக் கிடக்கிறது. அதை நான் யாரிடம் காட்டுவது? புது வண்டி வந்ததும் நீயும் உன் அப்பாவும் பக்கத்தில் நின்று ஒன்று எடுங்கள். போனில் வேண்டாம், எனக்குக் கண் தெரிவதில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.

மல்லிகா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் ஓட்டுவாளோ, ஒரு நாள் அவளாகவே விட்டுவிடுவாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் நான் இருக்கும்வரை, உன் பெயரைச் சொல்லி அவளை யாரும் தடுக்க விடமாட்டேன். நானும் தடுக்கமாட்டேன்.

உன் பிள்ளைகளின் அப்பாயி,
உன் அத்தை
ஸ்ரீரங்கம்