பக்கத்தில் நிற்பவர் பெயரைக் கேள்

சேசு மரி சூசை துணை

வட்டகொடை
18.7.1961

அன்பு மகன் மத்தியாஸுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மழை விடாமல் கொட்டினாலும் லயத்து வீட்டில் எல்லோரும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், கொழும்பு வெக்கையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சிசிலி எழுதுகிறாள். அப்பாவின் இருமல், கூரை ஒழுக்கு எல்லாம் பிறகு. முதலில் இதைக் கேள், நீ ஜெயித்துவிட்டாய் மகனே!

இஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆட்களோடு பேசிப் பழக நீ ஒரு வகுப்பு எடுப்பதா என்று உன் கல்லூரிப் பெரியவர் கேலி பண்ணினாரே, தோட்டங்களுக்கு வேலை பழகப் போகிறவர்கள் நல்ல பெயர் வாங்காவிட்டால் அந்த வகுப்பையே நிறுத்திவிடுவேன் என்றாரே, அப்படி நீ அனுப்பிய முத்துலிங்கம் எங்கள் தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோருக்கு வந்தான். நீ எழுதியபடி உன் தாய் என்று காட்டிக்கொள்ளாமல் நான் சல்லடைப் பக்கமே இருந்தேன். அன்றைக்குக் கொழுந்து அரைக்கிற ரோலர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கோளாறு ஏதும் உண்டா என்று எங்களைக் கேட்டான். அவர் முன்னால் யார் வாய் திறப்பார்கள்? ஒண்ணுமில்லீங்க என்று எல்லோரும் சொன்னோம், நானுந்தான் சொன்னேன், திட்டாதே. அதை நம்பி, பெல்ட்தான் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கிக் கட்டச் சொன்னான். ரோலர்காரர் வேண்டாமென்று கையைக் காட்டியதை அவன் கவனிக்கவில்லை. மறுநாளே பெல்ட் அறுந்து அரை நாள் கொழுந்து புளித்துப் போனது. டீமேக்கர் ரோலர்காரர் நல்லமுத்து மேல் பழியைப் போட்டு, நாளையிலிருந்து மலைக்குப் போய் மண்ணை வெட்டு என்றுவிட்டார். இருபது வருஷம் அந்த ரோலரோடு நின்ற மனுஷன் கண் கலங்கிவிட்டார். இதையா என் மகன் சொல்லிக்கொடுத்தான் என்று உன் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில் தோட்டத்துத் துரை வந்து நின்றதும் முத்துலிங்கம் முன்னால் போனான். பெல்ட்டை இறுக்கச் சொன்னது நாந்தான், நல்லமுத்து அண்ணன் கையைக் காட்டித் தடுத்தாரு, நாந்தான் கவனிக்கல, அவர் மேல பிழை இல்லன்னு முதலில் எங்கள் எல்லோர் காதிலும் விழத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகுதான் துரைக்கு இங்கிலீஷில் சொன்னான். துரை நல்லமுத்துவை ஸ்டோருக்கே போகச் சொன்னார். அன்று தேத்தண்ணி நேரத்தில், டீமேக்கர் இல்லாதபோது, அவன் சாக்கு மேல் உட்கார்ந்து, நீங்க காட்டுங்கண்ணே, நான் பாக்குறேன் என்றான். ரோலருக்கு அடியில் ஒரு பக்கத் தரை மழையில் அமுங்கியிருப்பதை நல்லமுத்து தொட்டுக் காட்டினார். இரண்டு பேருமாக இரும்புத் தகடு வைத்து நிமிர்த்தினார்கள், இப்போது ஆட்டமே இல்லை. இப்படிப் பழக்கிய பிள்ளைகளையே வருஷா வருஷம் அனுப்புங்கள் என்று துரை உன் கல்லூரிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். உன் பெரியவர் இனி எந்த முகத்தோடு கேலி பண்ணுவார் என்று பார்க்கிறேன்! நல்லமுத்து வீட்டில் நேற்றுப் பாயாசம்.

புறப்படும்போது முத்துலிங்கம் சல்லடைப் பக்கம் வந்து ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டான். மெஷினைத் தொடுறதுக்கு முந்தி அதுக்குப் பக்கத்தில நிக்கிறவங்க பேரைக் கேளுன்னு எங்க சார் முதல் நாளே சொன்னாரு, வந்த அன்னைக்கு மறந்துட்டேன், மன்னிச்சிக்குங்கம்மா என்றான். இருபத்தாறு வருஷத்தில் கால்சட்டை போட்ட யாரும் என் பெயரைக் கேட்டதில்லை மகனே, பெயர் பதிகிற செக்ரோலில்கூட நான் ஒரு நம்பர்தான். பெயரைச் சொன்னேன், உன் தாய் என்று மட்டும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, நல்லமுத்துவுக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது. மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். வழக்கமாகச் சிசிலிதான் அம்மா என்று எழுதி முடிப்பாள். இன்று பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். எழுத்து கோணல்தான், சிரிக்காதே.

உன் அம்மா
அந்தோனியம்மா