காஸ்பா படிகளில் ஒரு பால்குடி உறவு

அன்புள்ள அம்மாவுக்கு ஸலாம்.

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள், தூக்கத்திலும் என் கழுத்தை விடவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? விடுமுறைக்கு ஒரானிலிருந்து அல்ஜியர்ஸ் பார்க்கப் போனோம். எங்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

பழைய நகரமான காஸ்பாவின் படிகளில், கழுதையில் குப்பை அள்ளும் ஒருவன் என்னை உரசிப் போனான். பணப்பையைக் காணோம். "திருடன்!" என்று கத்திவிட்டேன். அங்கே கசாப்புக் கடை வைத்திருக்கும் பூஸித் அவனைச் சுவரோடு சேர்த்து இடித்தார். பத்துப் பேர் மிதித்தார்கள். ஒரு பல் தெறித்து என் செருப்பருகே விழுந்தது. பிறகுதான் பார்த்தேன், பை குழந்தையின் போர்வைக்குள் இருந்தது.

"விடுங்க, பை கிடைச்சிடுச்சு!"

"பயந்துபோய்ச் சொல்றே தங்கச்சி, தள்ளிப் போ!"

பூஸித் இரும்புக் கம்பியை ஓங்கினார்.

"அவன் என் பால்குடித் தம்பி! எங்கம்மாகிட்ட பால் குடிச்சவன்!" என்று அலறினேன். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள்தானே, ஓங்கிய கை அப்படியே நின்றது.

"தம்பியைத் தெரியாமலா திருடன்னே?"

"முதுகைத்தாண்ணே பார்த்தேன்."

"பொய்யா இருந்தா, நாளைக்கும் இவன் இந்தப் படியிலதான் குப்பை அள்ள வரணும். தெரியும்ல?"

பிஸ்க்ராவில் இருக்கும் அம்மாவையே கேளுங்கள் என்று சொன்ன பிறகுதான் அவனை விட்டார்கள். அவருடைய மச்சான் பேரீச்சம்பழம் வாங்க அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறார். உங்களிடம் கேட்பார். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள், அதுவும் பால் விஷயத்தில். இந்த ஒருமுறை ஆமாம் என்று சொல்லுங்கள். அவன் பெயர் லூனிஸாம். சொல்வீர்களா என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள் அம்மா.

ஸுலிகா