வாசிக்காமல் வைத்த கையெழுத்து

லிங்கநகர்,
திருகோணமலை.
திங்கட்கிழமை

அன்பு மகள் நிருசாவுக்கு,

இங்கு நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன் என எழுதுவதுதான் வழக்கம், இம்முறை கை வரவில்லை. மூன்று நாளாக மழை. துறைமுகப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அம்மா குசினியில் இருக்கிறாள். சமைக்கவில்லை, இருக்கிறாள்.

நீ கையெழுத்து வைத்துக் குடுத்த தாளின் படத்தை றிஸ்வியிடம் காட்டினேன், மூதூர் றிஸ்வி, இப்போது ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கர். இரண்டு தரம் வாசித்தான். அண்ணன், ஆர் புள்ளையை இதில கையெழுத்து வைக்கச் சொன்ன, அவவுக்கு ஆகாத ஆளா என்று கேட்டான். நான்தான் என்றேன். தேத்தண்ணி வந்தது, இருவரும் குடிக்கவில்லை.

ஓம், நான்தான். போன மாதம் நீ தொலைபேசியில் அழுதாய். நீ வைத்தியராய்ப் பயிற்சி எடுக்கும் வார்டில் வைத்தியர்கள் போதாது, நோயாளிகளுக்கு ஆபத்து என்று நீ முறைப்பாடு எழுதிய பிறகுதான் பயிற்சிப் பொறுப்பாளர் உன் வேலையில் குறை காணத் தொடங்கினார், இப்போது ஒரு தாளை நீட்டுகிறார் என்றாய். கையெழுத்தை வைச்சுக் குடுத்திட்டு வா மகள், பெரிய ஆக்களோட கதை வேண்டாம் என்றேன். யுத்த காலச் சோதனைச் சாவடிகளில் பழகிய புத்தி. கையெழுத்து வைத்தால் வீட்டுக்கு விடுவார்கள். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது சிங்களத்தில் நீட்டிய ஒரு தாளிலும் அப்படித்தான் வைத்தேன். எங்கள் சம்பூர்க் காணிக்குப் பதிலாக வேறு காணி எடுக்கச் சம்மதம் என்று அதில் இருந்ததாம். மற்ற ஆட்கள் ஊர் திரும்பியபோது நாங்கள் போகாதது அதனால்தான். காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னது பொய்.

உன் தாளில், குறைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை உன்னை விசாரிக்கும் கூட்டத்தில் அதைத்தான் மேசையில் வைப்பார்கள், உன் பயிற்சியை நிறுத்த அது போதும் என்கிறான் றிஸ்வி. வாசிக்க நேரம் தரவில்லை, ஏற்கவில்லை என்று இன்றைக்கே எழுத்தில் அனுப்பு. கூட்டத்துக்குத் தனியே போகாதே, உங்கள் வைத்தியர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் வாயால் சொல்வதை அன்றைக்கே திகதி போட்டு எழுதி அவர்களுக்கும் அனுப்பு. முறைப்பாட்டின் பிரதி, உன்னை நல்லாய்ச் சொன்ன பழைய மதிப்பீடுகள், எல்லாம் உன் கையில் இருக்கட்டும், நோயாளிகளின் விபரம் மட்டும் வெளியே வரக்கூடாது. கோபத்தில் விலகல் கடிதம் எழுதாதே. வட்சப்பில் கொட்டாதே. சாப்பிடு. நித்திரை இல்லையென்றால் நீயும் ஒரு வைத்தியரிடம் போ, அதில் வெட்கம் இல்லை. ஏன் வைத்தாய் என்று கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல்லு. உண்மைதானே.

இனி என்னைக் கேட்காதே என்று எழுத நினைத்தேன். கேள். உடனே செய்யாதே.

தபால் நேரத்துக்கு வராது, றிஸ்வி இதைப் படமெடுத்து அனுப்புவான். பத்திரகாளி அம்மன் உன் பக்கத்தில் நிற்கட்டும். வெள்ளிக்கிழமை என்ன நடந்தாலும் முதலில் அம்மாவுக்குத் தொலைபேசி எடு. இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், காணிக் கதையையும். எழும்பித் திரும்பக் குசினிக்குப் போனாள்.

இதில் கையெழுத்து வைக்குமுன் மூன்று தரம் வாசித்தேன்.

உன் அப்பா,
க. தர்மசீலன்