வெள்வேல மரத்தில் ஒரு மின்சிட்டு

ஜூலை 7, ஞாயிறு

வீடு போகும்வரை பொறுக்காமல் காரிலேயே எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

வெள்ளகோவில் பாலுசாமி அண்ணா எங்கள் கண்ணாடிக் கடைக்குப் பழைய வாடிக்கை. அவர் மனைவி சென்னியம்மாளுக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி கொடுக்க நானே போவேன் என்று அடம்பிடித்தேன். ஆசையெல்லாம் அவருடைய கொறங்காட்டின் மேல். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே மாடு மேய்கிற புல், அங்கங்கே வெள்வேல மரம். கேட்டை ஒட்டிய மரத்தில் ஏதோ பளிச்சென்றது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நெஞ்சில் ஆரஞ்சு.

வெண்வயிற்று மின்சிட்டு. எட்டு வருடமாகத் தேடுகிறேன்.

கத்திவிட்டேன். சாஜித் ஓடிவந்து, "பாம்பா?" என்றார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் என் பயக் கத்தலும் சந்தோஷக் கத்தலும் இந்த மனிதருக்குப் பிரித்துத் தெரியவில்லை.

ஜூலை 8

தூக்கம் இல்லை. கடையில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்குப் போட்டுவிட்டேன். அவரும் நன்றாகத் தெரிகிறது என்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

கூடு! அதே மரத்தில், கவட்டையில். டீ கிளாஸின் அடிப்பாகம் அளவுதான், மேலே சிலந்தி நூல் சுற்றியிருக்கிறது. பெண் குருவி அடைகாக்கிறது.

சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் இது தங்காது, மாடு மேய்ந்து புல் திறப்பாக இருப்பதால்தான் உங்கள் காட்டுக்கு வருகிறது என்று அண்ணாவிடம் சொன்னேன். "எங்க மாட்டுக்கு இத்தனை மருவாதைங்களா" என்று சிரித்தார்.

பறவைக் குழுவிலும் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு பத்துப் பேர் வருகிறார்கள். "வரட்டுமுங்க அம்மணி. சோறு நம்மூட்டுலதானுங்க" என்றார் அண்ணா.

கூடு இருப்பதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட்டை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

ஜூலை 20

நாளைக்கு. நாளைக்கு. பைனாகுலரை மூன்றாம் முறை துடைத்தாயிற்று.

ஜூலை 21

மரம் இல்லை.

மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் தண்ணீர் தெளித்து, நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். மரம் நின்ற இடத்தில் ஒரு கட்டை. "வர்றவீங்களுக்கு முள்ளுக் குத்திப்போடுமுங்களே. அதானுங்க நேத்து வெட்டிப்போட்டேன்" என்று அண்ணா சிரித்த முகமாகச் சொன்னார்.

முள் குவியலைக் கையால் பிரித்தேன். கூடு நசுங்கிக் கிடந்தது. முட்டை ஓடு. ஆண் குருவி வேலியில் உட்கார்ந்து மெல்லிசாக விசிலடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணாவுக்கு முகம் செத்துப்போனது. "இந்த மரமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி."

என்னையே கேட்கிறேன்: ஏன் சொல்லல நஸ்ரியா? ஊரையே கூப்பிடத் தெரிஞ்சுது. மரத்துக்காரருகிட்ட மறைச்சுட்டே. பெரிய சட்டம் —

ஜூலை 22

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 3

தைரியம் வந்து அண்ணாவைப் போனில் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். பக்கத்திலேயே மறுபடி கட்டினாலும் கட்டும் என்று சொல்லி, கூடு எப்படி இருக்கும், எந்த மாதிரிக் கவட்டை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். சட்டமாவது ஒன்றாவது. "எத்தனை அடி தள்ளி நிக்கோணுமுங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மறுபடி அண்ணா காட்டுக்குக் கிளம்புகிறோம். பை தயார், பிளாஸ்க்கில் டீ தயார், சாஜித் காரைத் திருப்பி நிறுத்திவிட்டார். அண்ணாவிடமிருந்து போன்.

"கெளம்பீட்டீங்களா அம்மணி?"

"ஆமாங்ணா, இதோ வாரோம்."

"தப்பா நெனச்சுக்காதீங்க. வர வேண்டாமுங்க" என்றார்.

வழியில் போகிறவரைக்கூடக் கூப்பிட்டுச் சோறு போடுகிற மனிதர்.

"கெணத்துப்பக்கத்து மரத்துல பொட்டைக்குருவி உக்காந்திருக்குதுங்க. நானே அந்தப் பக்கம் போறதில்லீங்க. மாடு மட்டும் எப்பவும் போல மேயுது. ஊட்டுக்காரி உங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசல்ல இருந்தே பாத்துச் சொல்லிப்போடறாளுங்க. குஞ்சு பறந்த பொறவு வாங்க."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன்.

சாஜித் ஓடிவரவில்லை. காரிலிருந்தபடியே, "குருவியா?" என்றார்.